திரும்பி வரும்போது நேராக

போகும்போது இடப்பக்கம் இழுக்கிறது,
திரும்பி வரும்போது நேராக வருகிறது,
ஆகவே காற்றுதான் என்றார் அதெல்மோ.
எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் எர்மிந்தா என்று
ரெனோவின் சாவியை என் பெஞ்சில் வைத்தார்.

சான் ஹூலியானில் எல்லாப் பழியையும் காற்று சுமக்கும்.
கொடிக்கம்பம் சாய்ந்தால், ரொட்டி உப்பாவிட்டால்,
கல்யாணம் முறிந்தால்.
மேற்கே மலையில் கிளம்பிக் கிழக்கே கடலில் விழும்வரை
அதை மறிக்க உருப்படியாக ஒரு மரம் கிடையாது.
தெற்கே போகிற வண்டியை அது இடப்பக்கம் தள்ளும்,
வாஸ்தவம்.
அப்படியானால் வடக்கே வரும்போது
வலப்பக்கம் அல்லவா தள்ள வேண்டும்?

கேட்கவில்லை.
மூக்குக்கண்ணாடி விற்கிறவர். வாரம் ஒருமுறை
பியெத்ராபுவேனாவுக்கு, பின்சீட்டில் பஞ்சு வைத்த பெட்டிகளோடு.
இது தெளிவாகத் தெரிகிறதா, இல்லை இதுவா என்று
ஊரையே கேட்பவர்.
நேராக வருவதுதான் நோய் என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.

முதலில் டயர். இடது முப்பது, வலது இருபத்தொன்பது.
அந்த ஒன்றையும் ஏற்றினேன்.
இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டினேன்.
டயரின் கோணல் என்றால் இழுப்பும் பக்கம் மாறும்.
மாறவில்லை.
டை ராடைப் பிடித்து ஆட்டினேன், இறுக்கமாக இருந்தது.
பிறகு மூன்று நாள் சும்மா இருந்தேன், காற்று ஓயட்டுமென்று.

நான்காம் நாள் விடிகாலை ஐந்தரைக்கு
ஊர் சத்தமே இல்லாமல் கிடந்தது.
நெடுஞ்சாலையில் தெற்கே எட்டு கிலோமீட்டர்,
பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து விட்டு,
ஸ்டியரிங்கில் இரண்டே விரல் வைத்து.
இழுத்தது.
திருப்பி வடக்கே வந்தேன். இழுத்தது, அதே இடப்பக்கம்,
சாலையின் சரிவு வலப்பக்கம் இருந்தும்.
ஓரங்கட்டி இறங்கி
வலது சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தேன்: கடற்கரைக் கல்.
இடதின் பக்கம் கொண்டுபோனேன்.
வைக்க வேண்டியிருக்கவில்லை.
வேலிக்கு அப்பால் ஒரு குவானாக்கோ
மென்றுகொண்டே பார்த்தது.

ஜாக்கியில் ஏற்றியும் அந்தச் சக்கரம் சுற்ற மறுத்தது.
ஹோஸுக்கு மேலே இணைப்பைத் தளர்த்தினேன். அசையவில்லை.
கீழே ப்ளீடரைக் கால் சுற்று திறந்தேன்.
ஒரு பீச்சல், பழுப்பாக, என் சட்டைக் கைமேல்.
சக்கரம் விரல் பட்டதும் சுற்றியது.
ஆக, நடுவில் இருக்கும் ஒரு சாண் ரப்பர்.
வெடிப்பில்லை, வீக்கமில்லை,
போன தடவையும் அதற்கு முந்தின தடவையும்
நான் துடைத்துவிட்டு அனுப்பிய அதே கறுப்பு.
கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன்.
உள்சுவர் உப்பி வழியை மூடியிருந்தது.
மிதிக்கும்போது எண்ணெய் முண்டியடித்து உள்ளே போகும்.
காலை எடுத்தபின் திரும்பி வர வழியில்லை.
அவர் பிரேக்கை எப்போதோ விட்டுவிட்டார்.
அந்த ஒரு சக்கரத்துக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துப்போனார்.
சனிக்கிழமை வந்து நின்றார்.
இப்போது வலப்பக்கம் இழுக்கிறது.

நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில்.
நூல் பிடித்தாற்போல் போனது.
அவர் ஓட்டினார், நான் பக்கத்தில்.
வெள்ளைக்கோட்டைத் தாண்டிச் சரளையில் இறங்கினோம்.
அவர் கையைப் பார்த்தேன்.
அடம்பிடிக்கும் பிள்ளையின் மணிக்கட்டைப்போல
ஸ்டியரிங்கை வலப்பக்கம் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.
அந்தப் பக்கம் இழுக்கத்தான் இப்போது யாருமில்லை.

விடுங்கள் என்றேன்.
எதை என்றார்.

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.
மறுபடி கிளம்பி, அறுபதைத் தொட்டதும்
விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், சுண்டுவிரலைக் கடைசியாக.
வண்டி போனது.
அவர் தோள் மட்டும் வலப்பக்கம் சாய்ந்தபடியே வந்தது.

பில்லில் ஹோஸ் இரண்டு, எண்ணெய் அரை லிட்டர் என்று எழுதினேன்.
சட்டைக்கு ஒன்றும் போடவில்லை.